பருப்புக் கடைக்கு 6பி நோட்டீஸ்: பதில் எழுத உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் இந்த மாதிரி வழக்கைப் பார்த்த வக்கீல்களோ கடைக்காரர்களோ இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

சித்தப்பா மொத்த வியாபாரத்தில் பருப்புக் கடை வைத்திருக்கிறார். போன வாரம் ஆய்வுக்கு வந்தவர்கள் மூட்டைகளை எண்ணிப் பார்த்தார்கள். இருப்புப் பதிவேட்டில் இருப்பதைவிட 14 மூட்டை துவரம்பருப்பு அதிகம். முந்தின நாள் இரவு லாரியில் வந்த சரக்கு அது. பில் கல்லாப்பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது, கணக்குப்பிள்ளை லீவு. போதாக்குறைக்கு விலைப்பலகையில் இரண்டு நாள் பழைய தேதி. அது எங்கள் தப்புதான், மறுக்கவில்லை.

அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 1955-இல், சரக்கைப் பறிமுதல் செய்வதற்கு முன் விளக்கம் கேட்டுக் கொடுக்கும் 6பி நோட்டீஸ் இப்போது வந்திருக்கிறது. 6ஏ பிரிவில் சரக்கைப் பறிமுதல் செய்வது தனி, 7-ஆம் பிரிவில் போடும் குற்ற வழக்கு தனி என்று படித்தேன். அந்த வழக்கில் 3 மாதம் முதல் 7 வருடம் வரை தண்டனை என்றதும் சித்தி சாப்பிடுவதையே விட்டுவிட்டார். 10சி பிரிவில் உள்நோக்கம் இருந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளுமாம், இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டுமாம். எனக்குப் பயமே அதில்தான்.

பதிலோடு கொள்முதல் பில், லாரி வாடகை ரசீது, இ-வே பில் (சரக்கு லாரியில் போவதற்கு ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) மூன்றும் போதுமா? பலகை விஷயத்தை அதிலேயே ஒப்புக்கொண்டால் பின்னால் வழக்கில் நமக்கே எதிராகத் திரும்புமா? அப்புறம், நேரில் விசாரிக்கும்போது வக்கீல் கூடவே வரலாமா?

நாலே நாள்தான் இருக்கிறது.