முதிய நாயின் உடல்நிலை: மருத்துவரிடம் தெளிவான பதில் பெற்ற அனுபவங்கள்

வயதான நாயை மருத்துவரிடம் கொண்டுபோகிறவர்கள் அடிக்கடி கேட்க நேரும் பதில், "வயசாயிடுச்சு இல்லையா, இனிமே இப்படித்தான் இருக்கும்" என்பது. எனக்கும் முதலில் அதுவே கிடைத்தது. அதைத் தாண்டி எப்படிப் போனோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்த்தால் எல்லோருக்கும் உதவியாக இருக்கும்.

எங்கள் ஜிம்மிக்கு 12 வயது கடந்த சமயம், வைத்த தண்ணீரெல்லாம் போதாமல் காலிக் கிண்ணத்தை நக்கிக்கொண்டு நிற்கத் தொடங்கியது. இரவில் யாரையும் எழுப்பியறியாத நாய், நள்ளிரவில் கதவருகே நின்று முனகியது. வெளியே விட்டால் நெடுநேரம் சிறுநீர் கழித்துவிட்டு வந்து, மறுபடியும் கிண்ணத்தைத் தேடியது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் பல்லையும் கண்ணையும் பார்த்துவிட்டு, வயதைக் காரணம் சொல்லிச் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். அவர் அக்கறை இல்லாதவர் அல்லர். ஜிம்மியைக் குட்டியிலிருந்து பார்த்து வருகிறவர். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. முதுமை நோயன்று, முதுமையில் எந்த உறுப்பு தளர்கிறது என்பதை யாராவது பார்த்துச் சொன்னால்தான் அடுத்த வேலை நடக்கும்.

அடுத்த முறை போவதற்கு முன், ஜிம்மி ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதை வீட்டிலேயே அளந்தோம். காலையில் அளந்து ஊற்றுவது, இடையில் சேர்ப்பதைக் குறித்துவைப்பது, மறுநாள் காலையில் மீதியைக் கழிப்பது, அவ்வளவுதான். எழுதிய தாளை மருத்துவர் முன் வைத்து, "இது வயசுனாலதான்னா, எந்த உறுப்போட வயசு டாக்டர்?" என்று கேட்டேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். ஜிம்மியை எடைமேடையில் ஏற்றினார். மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஒரு நாய் தன் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அதை இயல்பாகக் கொள்ள முடியாது என்றும், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, அட்ரீனல் சுரப்பி மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்றும், கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கிறதா என்பதையும் உடனடியாகப் பார்த்திருப்பேன் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை முதல் சிறுநீரைக் கொண்டுவரச் சொன்னார். அதில் ஒரு சொட்டை, சிறுநீரின் அடர்த்தியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் சிறு குழல் போன்ற கருவியின் கண்ணாடியில் விட்டு, மூடியை அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடமும் கொடுத்தார். உள்ளே மேல்பாதி நீலமாகவும் கீழ்ப்பாதி வெள்ளையாகவும் இருந்தது. இரண்டும் சந்திக்கும் கோடு 1.011 என்ற அளவில் நின்றது. நலமான நாயின் காலைச் சிறுநீர் பொதுவாக 1.030க்கு மேல் இருக்கும் என்றும், 1.008 முதல் 1.012 வரை தொடர்ந்து நின்றால், சிறுநீரகம் சிறுநீரை இறுக்கி அடர்த்தியாக்கும் வேலையைச் செய்யவில்லை என்று பொருள் என்றும் விளக்கினார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 1.9 வந்தது. சர்வதேச சிறுநீரக ஆர்வக் குழுவின் பகுப்புப்படி நாய்களுக்கு 1.4 முதல் 2.8 வரை சிறுநீரக நோயின் இரண்டாம் நிலை. மொத்தம் நான்கு நிலைகள். சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்த பிறகே கிரியேட்டினின் உயரத் தொடங்குவதால், இரத்தப் பரிசோதனையை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்றும், எஸ்டிஎம்ஏ என்ற மற்றொரு அளவு அதற்கு முன்பே உயர்வதுண்டு என்றும் சொன்னார். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்த பிறகே மருந்தை முடிவு செய்தார்.

அன்று நான் கேட்டவை: இப்போது உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது எது, சந்தேகம் மட்டும் எது? சிகிச்சை கொடுத்தால் என்ன மாறும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? எதைக் கண்டால் நேரம் காலம் பார்க்காமல் கொண்டுவர வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் நேரான பதில் வந்தது. இழந்த செயல்திறன் திரும்பாது; பாஸ்பரஸ் குறைந்த உணவால் மேலும் கெடுவதைத் தாமதப்படுத்தலாம். இரவில் எழுப்புகிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. மூட்டு வலிக்கென்று எந்த வலி நிவாரணியையும் அவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ உடனே வர வேண்டும். இவற்றை அவர் கையாலேயே சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டேன்.

* * *

சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கியது நல்ல யோசனை. எங்கள் வீட்டில் பிரச்சினை இதயத்தில் வந்தது. சிறிய வகை நாய், 10 வயது. பல் சுத்தம் செய்யக் கொண்டுபோன இடத்தில், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்ட இளம் மருத்துவர், "மர்மர் இருக்கு, கிரேடு மூணு" என்றார். எத்தனை கிரேடு உண்டு என்று கேட்டதற்கு ஆறு என்று பதில் வந்தது. பாதி ஆயுள் போய்விட்டது என்றே என் அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார்.

இதயத்தைத் தனியாகப் பார்க்கும் மருத்துவரிடம் போனபோதுதான் அந்த எண் சத்தத்தின் அளவைக் குறிப்பது என்பதும், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது வேறு கணக்கு என்பதும் தெரிந்தன. அவர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து, இடப்பக்கத்து மிட்ரல் வால்வு தடித்துப்போய்ச் சரியாக மூடாததால் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது, அந்தக் கசிவின் சத்தமே மர்மர் என்று காட்டினார். சிறிய வகை நாய்களுக்கு முதுமையில் மிகுதியாக வரும் இதயக் கோளாறு இதுதானாம். கசிவு இருந்தும் இதயம் பெரிதாகவில்லை என்றால் பி1. பெரிதாகிவிட்டது, ஆனால் மூச்சிரைப்பு போன்ற அறிகுறி வரவில்லை என்றால் பி2. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்து அறிகுறி வந்துவிட்டால் சி. பி2 கட்டத்தில் பிமோபெண்டன் மாத்திரை தொடங்கினால் இதயத் தளர்ச்சி வருவது சராசரியாக 15 மாதங்கள் தள்ளிப்போகிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியதாகவும், பி1இல் அந்த மாத்திரை தேவையில்லை என்றும் சொன்னார். ஆகவே எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் எடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை எளிதாகிவிட்டது: அதன் முடிவைப் பொறுத்து மாத்திரை தொடங்குவதா இல்லையா என்பதே மாறும். ஒரு பரிசோதனையின் முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறாது என்றால், அந்தப் பரிசோதனைக்கு முதிய நாயை அலைக்கழிப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்கலாம் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் செய்யச் சொன்ன வேலை, நாய் அயர்ந்து தூங்கும்போது மூச்சை எண்ணுவது. மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30ஐத் தாண்டி அப்படியே நீடித்தால் அழைக்க வேண்டும். இப்போது அம்மாவே எண்ணி நாட்காட்டியில் எழுதிவைக்கிறார். பயந்தவருக்குக் கையில் ஒரு வேலையைக் கொடுத்த அந்த மருத்துவரிடம் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

* * *

எங்கள் அனுபவம் ஒரே இரவில் நடந்தது. 14 வயது நாய் திடீரென ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. தலை கோணிக்கொண்டது, கண்மணிகள் இடமும் வலமும் துடித்தன, வாந்தி வேறு. பக்கவாதம் என்றே அப்பா முடிவு செய்துவிட்டார். இனி அதைத் துன்பப்படுத்தாமல் அனுப்பிவிடச் சொல்லிக் கேட்பதாகவே வழியில் பேசிக்கொண்டு போனோம்.

பணியிலிருந்த மருத்துவர், நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பார்த்துடறேன்" என்றார். நாயைத் தாங்கிப் பிடித்து நிறுத்தி, முன்காலின் பாதத்தை மடக்கி, மேல்புறம் தரையில் படும்படி வைத்தார். அது உடனே பாதத்தைத் திருப்பி ஒழுங்காக ஊன்றிக்கொண்டது. நான்கு கால்களிலும் அப்படியே. மூளை பாதிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் இப்படி உடனே திருப்பாது என்றார். பிறகு கண் துடிக்கும் திசையைப் பார்த்தார். மேலும் கீழுமாகத் துடித்தால் மூளையைச் சந்தேகிக்க வேண்டியிருக்கும், இது பக்கவாட்டில்தான் துடிக்கிறது என்றார். காதுக்குள்ளும் விளக்கு அடித்துப் பார்த்தார். உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு காரணம் தெரியாமலே திடீரெனத் தடுமாறுவது வயதான நாய்களுக்கு வருவதுண்டு, முதல் ஓரிரு நாள்தான் கடுமையாக இருக்கும், பெரும்பாலும் மூன்று நாளுக்குள் தேறத் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் நடமாடிவிடும் என்றார். அதோடு நிறுத்தாமல், "மூணு நாள் ஆகியும் துளிகூட முன்னேற்றம் இல்லைன்னா நான் நினைச்சது தப்பா இருக்கலாம், அப்போ ஸ்கேன் பத்திப் பேசுவோம்" என்றும் சேர்த்தார். தன் கணிப்பு தவறாகும் வழியையும் சேர்த்துச் சொன்னதால்தான் எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. இப்போது தலை சற்றே சாய்ந்திருக்கிறது. மற்றபடி நடக்கிறது, சாப்பிடுகிறது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விழுந்ததும் என் தம்பி கைப்பேசியில் எடுத்த காணொளி மருத்துவருக்கு மிகவும் பயன்பட்டது. நாய்கள் மருத்துவமனையில் பயத்திலோ பரபரப்பிலோ நொண்டுவதைக்கூட மறைத்துவிடும். வீட்டில் எடுத்த அரை நிமிடக் காட்சி நாம் வாயால் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்லும்.

* * *

கட்டியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாக ஒன்று. எங்கள் நாயின் விலாவில் இருந்த கட்டியைத் தடவிப் பார்த்து, "கொழுப்புக் கட்டிதான், விட்டுடுங்க" என்றார்கள். மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்க முடியுமா என்று கேட்டதும், மறுப்பில்லாமல் அங்கேயே செய்தார்கள். மயக்க மருந்துகூட வேண்டியிருக்கவில்லை. அது கொழுப்புக் கட்டியேதான். ஆனால் மாஸ்ட் செல் கட்டி என்ற புற்றுநோயும் தொடுவதற்கு அப்படியே மெத்தென்று இருக்கக்கூடும் என்றும், விரலால் இரண்டையும் பிரித்தறிய முடியாது என்றும் அதே மருத்துவர் பிறகு சொன்னார். கேட்காமல் விட்டிருந்தால் மனத்தில் அந்தச் சந்தேகம் கிடந்து உறுத்தியிருக்கும்.

* * *

எல்லோருடைய பகிர்வுக்கும் நன்றி. தொடங்கியவன் என்ற முறையில், எனக்கு மிகவும் கடினமாக இருந்த கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். "இது உங்க நாயா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?" என்று பலர் கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை, ஆனால் அது நம் முடிவின் சுமையை அவர் தலையில் ஏற்றுகிறது, மனசாட்சியுள்ள மருத்துவர் அதற்குத் தயங்கத்தான் செய்வார். நான் அதற்குப் பதிலாக, "இதுக்கு இப்போ வலி இருக்கா, எதை வெச்சு அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் ஆலிஸ் வில்லலோபோஸ் என்னும் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் வகுத்த அளவுகோலைப் பற்றிச் சொன்னார். வலி, பசி, உடலில் நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்ற ஏழுக்கும் தலா 10 மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் வாழ்க்கை இன்னும் சகித்துக்கொள்ளத் தக்கதாக இருக்கிறது என்று கொள்ளலாம். வீட்டில் நாங்கள் ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்காமல் தனித்தனியே மதிப்பெண் போடுகிறோம். என் மனைவி எப்போதும் நடமாட்டத்துக்கு என்னைவிடக் குறைவாகவே போடுகிறார். பகலில் ஜிம்மியுடன் இருப்பவர் அவர் என்பதால் அவருடைய எண்ணே சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு இரண்டு தாள்களையும் கொண்டுபோகிறோம். பின்கால்களின் தளர்ச்சி மூட்டுத் தேய்மானமா, நரம்பா என்பதைத்தான் இம்முறை முதலில் கேட்க இருக்கிறேன்.