குட்டை சூரியகாந்தி: குழித்தட்டா, நேரடி விதைப்பா?

வேர்க்காவலன்:
நம் மன்றத்தின் பக்கத்து இழையில் ஒருவர் புதிதாக வந்தவருக்குப் பாடம் எடுத்திருக்கிறார்: "குட்டை சூரியகாந்தி விதையைக் குழித்தட்டில் போடுங்கள், நாலு இலை வந்ததும் எடுத்துத் தொட்டியில் நடுங்கள், ஒன்றும் ஆகாது." கீழே வரிசையாக விருப்பக்குறி வேறு. ஒன்றும் ஆகாதாம்! சூரியகாந்திக்கு ஆணிவேர் ஐயா. விதை வெடித்ததும் முதலில் கீழே இறங்குவது அதுதான். மேலே விதையிலை இரண்டும் விரிந்து முடிப்பதற்குள் வேர் தட்டில் உள்ள சின்னக் குழியின் அடியைத் தொட்டு வளையத் தொடங்கிவிடும். நேராகத் தொட்டியிலேயே இரண்டு செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். ஆணிவேரில் கை வைக்காதீர்கள்.

தட்டுநாற்று:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். "மண் கட்டியோடு எடுத்து" என்று நான் எழுதியதில் முதல் இரண்டு சொல்லை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்கள். கொய்மலருக்காக, அதாவது காம்போடு வெட்டி எடுக்கும் பூவுக்காக, சூரியகாந்தி வளர்ப்பவர்களில் பலர் தட்டில் முளைக்க வைத்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் நிலத்துக்கு மாற்றுகிறார்கள். அவர்கள் எல்லோரும் முட்டாள்களா?

வேர்க்காவலன்:
இரண்டு மூன்று வாரத்துக்குள் என்று நீங்களே சொல்கிறீர்கள். புதிதாக வந்தவர் அதற்குள் மாற்றுவாரா? வேலை, காய்ச்சல், மழை என்று ஒரு வாரம் தள்ளிப்போனால் போதும். தட்டைத் தூக்கிப் பாருங்கள். அடித்துளை வழியாக வெள்ளை வெளேரென்று வேர் எட்டிப் பார்க்கும், அடுத்த குழியின் வேரோடு பின்னிக்கொண்டிருக்கும். இழுத்தால் "டப்" என்று அறுபடும். அப்புறம் செடி சாகாது, முழங்கால் உயரம்கூட வராமல் ஒரு பொத்தான் அளவு பூவை வைத்துவிட்டு முடித்துக்கொள்ளும். அதைப் படம் எடுத்துப் போட்டு "குட்டை ரகம் அழகு" என்பீர்கள்.

இலைப்பச்சை:
ஒரு நிமிடம். குட்டை என்று எதைச் சொல்கிறோம்? பிக் ஸ்மைல் ரகம் முப்பது நாற்பது செ.மீ.தான் வரும். சன்ஸ்பாட் அறுபது செ.மீ. உயரத்தில் தட்டு மாதிரி பெரிய பூ வைக்கும். டெடி பியர் சில நேரம் தொண்ணூறைத் தொடும். மூன்றுக்கும் ஒரே தொட்டி, ஒரே விதி சொல்ல முடியுமா?

வேர்க்காவலன்:
உயரம் எதுவாக இருந்தாலும் ஆணிவேர் ஆணிவேர்தான்.

தட்டுநாற்று:
சரி, ஒரே ஒரு கேள்வி. தொட்டிக்கு அடி கிடையாதா? உங்கள் புனித ஆணிவேர் அங்கே போய் முட்டாதா?

வேர்க்காவலன்:
நாலு செ.மீ. குழியும் இருபத்தைந்து செ.மீ. தொட்டியும் ஒன்று என்கிறவரிடம் என்ன பேசுவது. தொட்டியில் வேர் அடியைத் தொடும்போது செடி வளர்ந்து பக்கவேர்கள் பரவியிருக்கும். குழியில் பிறந்த மூன்றாம் நாளே முட்டிக்கொள்ளும். இவர்தானே கேரட் நாற்றைப் பெயர்த்து நடலாம் என்று போன வருடம் எழுதியவர்? அந்த இழை இன்னும் இருக்கிறது. கவட்டைக் கால் கேரட் படங்களோடு.

தட்டுநாற்று:
வந்துவிட்டது கேரட்! எந்த இழையைத் திறந்தாலும் கேரட். கேரட்டில் நாம் வேரைச் சாப்பிடுகிறோம், அது கோணினால் தெரியும். சூரியகாந்தியில் பூவைத்தான் பார்க்கிறோம். நேரடி விதைப்பில் முளை தலை நீட்டியதும் நத்தை மேய்ந்துவிட்டுப் போகிறதே, அணில் தோண்டி எடுத்துப் போகிறதே, அதற்கு உங்கள் ஆணிவேர் பதில் சொல்லுமா?

மண்கிண்ணம்:
இரண்டும் வேண்டாம், காகிதக் கிண்ணத்தில் விதைத்துக் கிண்ணத்தோடு புதைத்துவிடுங்கள். விதையை இரவு முழுக்க ஊறவைத்துப் போட்டால் சீக்கிரம் முளைக்கும்.

வேர்க்காவலன்:
காகிதம் மட்கும்வரை வேர் காத்திருக்குமா? கிண்ணத்தின் விளிம்பு மண்ணுக்கு மேலே தெரிந்தால் ஈரத்தை உறிஞ்சி மேலே விட்டுவிடும், உள்ளே வேர் காயும். ஊறவைப்பதும் தேவையில்லாத வேலை. மண் கதகதப்பாக, இருபது டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் தானாக வரும்.

மண்கிண்ணம்:
விளிம்பைக் கிழித்துவிட்டுத்தான் புதைப்போம். அது உங்களுக்குத் தோன்றவில்லையா? ஊறவைக்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது?

வேர்க்காவலன்:
கூடாது என்று யார் சொன்னது? தேவையில்லை என்றேன். படித்துவிட்டுப் பேசுங்கள்.

புதுத்துளிர்:
அந்த இழையில் கேட்டது நான்தான். விதை முளைத்துவிட்டது, ஆனால் விதைத்தோல் தொப்பி மாதிரி இலைகள் மேல் மாட்டிக்கொண்டிருக்கிறது. பிய்த்துவிடலாமா?

இலைப்பச்சை:
பிய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, விரல்நுனியால் மெல்லத் தள்ளுங்கள். அடுத்த முறை இன்னும் சற்று ஆழமாக விதையுங்கள். மேலாக விதைத்தால் தோல் கழலாமல் கூடவே வந்துவிடும்.

வேர்க்காவலன்:
எதில் முளைத்தது? தட்டிலா, தொட்டியிலா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

புதுத்துளிர்:
தயிர் டப்பாவில்.

தட்டுநாற்று:
அருமை. அடியில் துளை போட்டிருந்தால் தாராளமாக வளரும். மண் கட்டியோடு மாற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், கிளை கிளையாகப் பூக்கும்.

வேர்க்காவலன்:
நண்பரே, கிள்ளாதீர்கள்! ஒற்றைத்தண்டு ரகமாக இருந்தால் கிள்ளியது உங்கள் ஒரே பூவை. ரகம் என்னவென்று கேட்காமலே கிள்ளச் சொல்கிற ஆளைத்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள். முதலில் வேரை அறுக்கச் சொன்னார், இப்போது தலையை.

தட்டுநாற்று:
டெடி பியர் கிளைக்கும் ரகம்தான். அவர் அதைத்தான் வாங்கியிருக்கிறார், அந்த இழையில் எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் பேசச் சொன்னது யாரோ?

வேர்க்காவலன்:
தானாகவே கிளைக்கிற ரகத்தை எதற்குக் கிள்ள வேண்டும்?

தட்டுநாற்று:
உங்களோடு முடியாது சாமி.

மண்கிண்ணம்:
ஊறவைத்த விதை, ஊறவைக்காத விதை, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் முளைத்த படம் என்னிடம் இருக்கிறது. போடட்டுமா?

வேர்க்காவலன்:
ஊறவைப்பதற்குத் தனி இழை தொடங்கிவிட்டேன், அங்கே போடுங்கள். இங்கே ஆணிவேர் மட்டும். இதுவரை ஒருவரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

தட்டுநாற்று:
சொல்லிவிட்டேன். மண் கட்டியோடு.