செகண்ட் ஹேண்ட் போன்: பார்ப்பதற்கு முன்பே அட்வான்ஸ் கேட்கிறார், அனுப்பலாமா?

நிலாமுற்றம்:

வணக்கம். தங்கை வேலைக்குச் சேரப் போகிறாள், அவளுக்கு ஒரு போன் வேண்டும். புதிது வாங்கும் நிலையில் நான் இப்போது இல்லை. ஒரு வாரமாக விளம்பரங்களை அலசியதில் ஒரு ஐபோன் 13 கண்ணில் பட்டது. அதே போனுக்கு மற்றவர்கள் சொல்லும் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கேட்கிறார். படங்கள் பளிச்சென்று இருக்கின்றன. பேட்டரி ஹெல்த் (புதிதாக இருந்தபோது பிடித்த சார்ஜில் இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்ற கணக்கு) 100 சதவீதம் என்று போட்டிருக்கிறார்.

மெசேஜ் அனுப்பினேன், மரியாதையாகத்தான் பேசுகிறார். வெளிநாடு போகிறாராம், அதனால் அவசரம். "இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதிப் பணம் போட்டால் உங்களுக்கென்று எடுத்து வைக்கிறேன்" என்கிறார். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பர் கேட்டதற்கு, அதையெல்லாம் கண்டவர்களுக்குக் கொடுக்க முடியாது என்றார். கடைசியில், "நீங்கள் உண்மையான ஆள்தானா என்று பார்க்க உங்கள் போனுக்கு 6 இலக்க கோடு ஒன்று வரும், அதை எனக்குச் சொல்லுங்கள்" என்றார். கோடு வந்துவிட்டது. நான் இன்னும் சொல்லவில்லை.

தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2 வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒருவரிடம் முழுப் பணமும் போட்டேன். பார்சல் வந்தது. பழுப்பு டேப்பை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக்கொண்டே போனால், செய்தித்தாளுக்குள் போன் அளவுக்கு வெட்டிய டைல்ஸ் துண்டு. எடை அப்படியே பொருந்தியது. 7 மாதம் சேர்த்த காசு அது. வீட்டில் இன்றுவரை முழுத் தொகையைச் சொல்லவில்லை.

இவருக்கு அட்வான்ஸ் போடலாமா? நேரில் போய் வாங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? திரையில் கீறல் இருக்கிறதா என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது.

பழுதுபெட்டி:

அந்தக் கோடை யாருக்கும் சொல்லாதீர்கள். முதலில் இதைச் செய்யுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். கோடு வந்த மெசேஜைத் திறந்து அது எந்தச் செயலியிலிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப் என்று இருந்தால், அவர் உங்கள் நம்பரைத் தன் போனில் பதிவு செய்யப் பார்க்கிறார் என்று அர்த்தம். சொன்ன அடுத்த நிமிடம் உங்கள் கணக்கு அவர் கையில். அப்புறம் உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரர்களிடமே கடன் கேட்பார். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கும், அதை இன்றைக்கே போட்டு வையுங்கள்.

அட்வான்ஸ் வேண்டாம். பாதி வேண்டாம், பத்தில் ஒரு பங்கும் வேண்டாம். பொருளைக் கையில் தொடாமல் தெரியாத ஆளுக்குப் போடும் பணம் திரும்பி வர வழியே இல்லை. "பத்திரமான டெலிவரி" என்று ஏதாவது லிங்க் அனுப்பினாலும் அதைத் தொடாதீர்கள். வாங்கியவர், விற்றவர் இருவருக்கும் நடுவில் நிற்கும் சேவை போலவே போலிப் பக்கம் செய்து வைத்திருப்பார்கள்.

நான் 14 வருடமாக போன் சர்வீஸ் செய்கிறேன். ஏமாந்து வாங்கிய போனைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து "இதைத் திறந்து கொடுங்கண்ணா" என்று நிற்பவர்களை வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். அந்த முகங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நேரில் போனதும் கீறலைப் பார்க்காதீர்கள். கீறலை நான் மாற்றிவிடுவேன். என்னால் மாற்ற முடியாதது பூட்டு. ஐபோனில் 2013ல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து ஆக்டிவேஷன் லாக் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 5.1 பதிப்பிலிருந்து அதே மாதிரி ஒன்று வந்தது. பழைய உரிமையாளரின் ஆப்பிள் ஐடியோ கூகுள் கணக்கோ போனில் ஒட்டிக்கொண்டிருந்தால், போனை எத்தனை முறை அழித்தாலும் அது அந்த பாஸ்வேர்டைத்தான் கேட்கும். திருட்டு போன்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகின்றன.

அதனால் விற்பவரை உங்கள் கண் முன்னால் போனை முழுதாக அழிக்கச் சொல்லுங்கள். ரெக்கவரி மோடில் பட்டனை அழுத்தி அழிப்பது கணக்கில் வராது, செட்டிங்ஸுக்குள் போய் அழிக்க வேண்டும். ஐபோன் அப்போது ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டு கேட்கும், அவரே அடிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அழிப்பதற்கு முன்பே கூகுள் கணக்கையும், அந்தக் கம்பெனியின் சொந்தக் கணக்கு இருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள். அழித்து முடிந்து "ஹலோ" திரை வந்ததும் பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். அங்கே நிற்காதீர்கள். இன்டர்நெட்டில் இணைத்து, உங்கள் கணக்கைப் போட்டு, செயலிகள் அடுக்கியிருக்கும் முகப்புத் திரை வரை போங்கள். பூட்டு இருந்தால் நடுவில் எங்கேயாவது தலைகாட்டும். ஏதோ ஒரு நிறுவனம் நிர்வகிக்கும் போன் என்று திரையில் வந்தால், அது ஆபீஸ் போன், விற்றவருக்குச் சொந்தமில்லை. இதற்கு 15, 20 நிமிடம் ஆகும். அந்த நேரம் தர மனமில்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

"பணம் போடுங்கள், வீட்டுக்குப் போய் ஐகிளவுடில் பூட்டை நீக்கிவிடுகிறேன்" என்பார்கள். ஐகிளவுட் என்பது ஆப்பிளின் இணையச் சேவை. எந்த போனின் பிரவுசரிலிருந்தும் அங்கேயே இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடிய வேலை அது. உண்மையான உரிமையாளர் அங்கேயே செய்துவிடுவார்.

அப்புறம் போன் டயலரில் *#06# அடியுங்கள். 15 இலக்க ஐஎம்இஐ வரும். செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தில் இருப்பது, பெட்டியில் இருப்பது, பில்லில் இருப்பது எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு நம்பர் வரும், பயப்பட வேண்டாம். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசுங்கள். ஐபோனில் அதே அபவுட் பக்கத்தில் "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஒரே நெட்வொர்க்குக்குப் பூட்டிய போன்.

தாழ்வாரம்:

மேலே அண்ணன் சொன்ன பூட்டில் மாட்டியவள் நான். என்னிடம் விற்றவர் பூட்டை மறைக்கக்கூட இல்லை. "என் ஐடி அப்படியே இருக்கட்டும் அக்கா, பாஸ்வேர்டு தருகிறேன், உங்களுக்கு எதற்கு வேலை" என்றார். எனக்கு அது உதவி மாதிரி தெரிந்தது. 3 வாரம் போன் நன்றாக ஓடியது. மகனின் பள்ளி ஆண்டுவிழா முழுவதையும் அதில்தான் எடுத்தேன். ஒரு நாள் காலை அலாரத்தை அணைக்கப் போனால், போன் தொலைந்துவிட்டது, இந்த நம்பரைக் கூப்பிடுங்கள் என்று திரையில் எழுதியிருந்தது. கூப்பிட்டால் திறக்கப் பணம் கேட்டான். கொடுக்கவில்லை. போனும் போயிற்று, அந்த வீடியோக்களும் போயின.

அடுத்தவர் ஐடி இருக்கும் போனை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாதீர்கள் நிலாமுற்றம். உங்கள் ஐடியைப் போடுங்கள், முதல் நாளே பேக்கப் போடுங்கள்.

கடைசிபெஞ்ச்:

நான் இரண்டு பக்கமும் இருந்தவன், வாங்கியும் இருக்கிறேன், விற்றும் இருக்கிறேன். ஐஎம்இஐ தரவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். விளம்பரத்தில் பார்க்கும் யாரோ ஒருவருக்கு அந்த நம்பரைக் கொடுக்க எனக்கும் தயக்கம்தான். போலி போனில் அந்த நம்பரை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நேரில் காட்ட மறுத்தால் அது வேறு கதை.

அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: ஒரு காகிதத்தில் இன்றைய தேதியும் நீங்கள் சொல்லும் ஏதாவது ஒரு சொல்லும் எழுதி, அதைப் போன் பக்கத்தில் வைத்து, செட்டிங்ஸ் திறந்த நிலையில் ஒரு படம். போன் கையில் இருப்பவருக்கு அரை நிமிட வேலை. இணையத்தில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு பேசுகிறவர் அங்கேயே காணாமல் போவார். விளம்பரப் படத்தையும் கூகுளில் படத் தேடல் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். என் நண்பன் அரை மணி நேரம் போனைச் சோதித்தான், எல்லாம் சரி. பணம் கொடுத்தான். விற்றவர் "பெட்டியில் போட்டுத் தருகிறேன், சார்ஜரையும் வைக்கிறேன்" என்று போனை வாங்கி, பைக்குள் கைவிட்டு, பெட்டியை மூடிக் கொடுத்தார். வீட்டில் திறந்தால் அதே நிறத்தில், அதே அளவில், கடையில் காட்சிக்கு வைக்கும் டம்மி. திரையில் ஸ்டிக்கர். சோதித்த போன் உங்கள் கையை விட்டுப் போகவே கூடாது. பெட்டி தனியாக வரட்டும்.

நிலாமுற்றம்:

கோடு மெசேஜைத் திறந்து பார்த்தேன். வாட்ஸ்அப்தான். கை நடுங்கிவிட்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டுவிட்டேன். காகிதத்தோடு படம் கேட்டேன், "நம்பிக்கை இல்லாதவர்களுக்கு விற்பதில்லை" என்று பதில் வந்தது, பிறகு பிளாக் செய்துவிட்டார். விளம்பரத்தைப் புகார் செய்துவிட்டேன்.

பழுதுபெட்டி அண்ணா, அந்த 100 சதவீத பேட்டரி விஷயம் என்ன? அது நல்லதுதானே?

பழுதுபெட்டி:

ஐபோன் 13 வந்தது 2021ல். அந்த வயது போனில் 100 என்றால் பேட்டரி மாற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றியது தப்பில்லை. எதைப் போட்டார்கள் என்பதுதான் கேள்வி. அபவுட் பக்கத்தில் பாகங்களின் சர்வீஸ் வரலாறு இருக்கும். பேட்டரி, திரை, கேமரா மாற்றியிருந்தால் ஒரிஜினலா, அறியாத பாகமா என்று அங்கேயே சொல்லும். ஆனால் பழைய பேட்டரியின் சின்ன போர்டைக் கழற்றிப் புது செல்லில் ஒட்டி, எண்ணை 100 ஆக்கிவிடும் கருவிகளும் இருக்கின்றன. அதனால் எண்ணைவிட நடத்தையைப் பாருங்கள். கேமராவை வீடியோவில் 10 நிமிடம் ஓட விடுங்கள். சார்ஜ் மடமடவென்று இறங்கினாலோ, 30 இருக்கும்போதே அணைந்தாலோ வேண்டாம். என்னைக் கேட்டால் பொய்யான 100ஐவிட உண்மையான 84 மேல். 80க்குக் கீழே இருந்தால் புது பேட்டரிக்கான செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

சிம் தட்டை வெளியே எடுத்து, அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு குட்டி ஸ்டிக்கர் இருக்கும். வெள்ளையாகவோ வெள்ளியாகவோ இருந்தால் சரி, சிவந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. தண்ணீர் குடித்த போன் இன்றைக்கு நன்றாக ஓடும், 2 மாதம் கழித்து போர்டில் பச்சை பூத்துப் போய் என்னிடம் வரும்.

மைக்கை எல்லோரும் ஒரே ஒரு கால் பேசிவிட்டு சரி என்பார்கள். ஐபோனில் ஒன்றுக்கு மேல் மைக் இருக்கிறது. வாய்ஸ் மெமோவில் ஒன்று பதியுங்கள், பின் கேமராவில் ஒரு வீடியோ, முன் கேமராவில் ஒரு வீடியோ எடுங்கள். மூன்றையும் போட்டுக் கேளுங்கள். கால் பேசும்போது திரை மேல்பக்கத்தைக் கையால் மூடினால் அணைய வேண்டும். ஃபேஸ் ஐடியில் உங்கள் முகத்தையே பதிந்து பாருங்கள். அது போயிருந்தால் வெளிக் கடைகளில் சரிசெய்வது லேசில்லை. வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் கேமராவில் புள்ளியோ கறையோ இருப்பது தெரியும். சாம்சங் பார்த்தால் டயலரில் *#0*# அடியுங்கள், பெரும்பாலான மாடல்களில் சோதனைப் பட்டியலே வரும்.

கண்ணாடி விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் உயரமாகத் தட்டினால் திறந்து மூடியிருக்கிறார்கள், இல்லை பேட்டரி உப்பியிருக்கிறது. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது, அந்தப் போனைத் தொடவே வேண்டாம்.

நிலாமுற்றம்:

வாங்கிவிட்டேன். வேறு ஒருவரிடம், அதே மாடல், விலை சந்தை விலைக்குப் பக்கத்தில்தான். காகிதம் வைத்த படம் கேட்டதும் எதுவும் சொல்லாமல் அனுப்பினார். பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் பார்த்தோம், துணைக்குத் தங்கையும் வந்தாள். அவரே பாஸ்வேர்டு அடித்து அழித்தார். நான் என் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து முகப்புத் திரை வரை போனேன். ஐஎம்இஐ மூன்று இடத்திலும் ஒன்றுதான். ஸ்டிக்கர் வெள்ளை. பேட்டரி 86.

முன் கேமரா வீடியோவில் மட்டும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. அவருக்கே தெரியவில்லை, கேட்டதும் முகம் வாடிவிட்டது. மேல் சல்லடையை உற்றுப் பார்த்தால் தூசி அடைத்திருந்தது, அவரே மெல்லிய பிரஷ் வாங்கி வந்து துடைத்தார். பாதி தெளிந்தது. மீதிக்காக விலையில் கொஞ்சம் குறைத்தார்.

பணம் கொடுத்த பிறகு அவர் பெட்டியை எடுத்ததும் கடைசிபெஞ்ச் சொன்னது நினைவு வந்தது. போனைத் தங்கை கையிலேயே பிடித்துக்கொண்டாள், பெட்டியை மட்டும் நான் வாங்கினேன். யார் யாருக்கு விற்றார், என்ன தேதி, ஐஎம்இஐ நம்பர், இரண்டு பேர் கையெழுத்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். கடைப் பில்லையும் கொடுத்தார். தாளையும் பில்லையும் மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

பழுதுபெட்டி:

சந்தோஷம்மா. அந்தச் சல்லடையை ஊசியால் குத்திவிடாதீர்கள், உள்ளே மைக் கிழிந்துவிடும். உலர்ந்த பிரஷ் மட்டும். ஒரு வாரம் பாருங்கள், குரல் அப்படியே இருந்தால் நல்ல கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், சின்ன வேலைதான்.