லங்காஷயர் லீக்கில் ‘புரோ’வாக ஆடப் போவது பயன் தருமா? விவரம் அறிந்தவர்கள் கூறவும்

கேள்வி: திருவல்லிக்கேணிவாசி

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகன் சென்னை லீக் ஆட்டங்களில் சில ஆண்டுகளாக ஆடி வருகிறான். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளன். ஏழாவது எட்டாவது இடத்தில் இறங்கி ஓரளவு ரன் சேர்ப்பான். சென்ற ஆண்டு மாநிலத்தின் 23 வயதுக்குட்பட்டோர் அணியிலும் இடம்பெற்றிருந்தான். இப்போது ஒரு முகவர், இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கத்து கிரிக்கெட் கிளப் ஒன்று ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அவனை ‘புரோ’வாக, அதாவது சம்பளத்துக்கு ஆடுபவனாக, சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது என்றும், விமானச் சீட்டும் தங்க இடமும் கிடைக்கும் என்றும், கைக்கு எவ்வளவு வரும் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். சுற்றுலா விசாவிலேயே போய்விடலாம் என்பது அவருடைய யோசனை.

எனக்குப் புரியாதவை சில உள்ளன. வார இறுதியில் பொழுதுபோக்காக ஆடும் கிளப்புகள் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு எதற்காகப் பணம் செலவழிக்கின்றன? அங்கே ஆடுவதால் இவனுடைய ஆட்டம் வளருமா, அல்லது ஐந்து மாதம் ஊர் சுற்றியதோடு முடிந்துவிடுமா? அந்த ஊர்ப் பையன்களின் இடத்தை நாம் பறிப்பதாகாதா என்ற உறுத்தலும் இருக்கிறது.

பதில் 1: பழைய ஸ்கோர்புக்

ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு விடை அந்த ஊர்களின் வரலாற்றில் இருக்கிறது. லங்காஷயர் லீக் 1892இல் தொடங்கியது. நெல்சன், பர்ன்லி, பேக்கப், ஹாஸ்லிங்டன், ரிஷ்டன், ஆக்ரிங்டன் என்று அதில் ஆடிய ஊர்கள் எல்லாம் பருத்தி ஆலைகளை நம்பி வாழ்ந்த சிறு நகரங்கள். வாரம் முழுவதும் தறியோடு போராடிய தொழிலாளிக்கு சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம்தான் பொழுதுபோக்கு. பக்கத்து ஊர்க்காரனை வெல்வது அதைவிடப் பெரிய விஷயம். ஓர் அணியில் பத்துப் பேர் உள்ளூர்க்காரர்கள், ஒருவர் மட்டுமே சம்பளம் பெறும் ‘புரோ’ என்பது அங்கே நிலைபெற்ற விதி. அந்த ஒருவரைப் பார்க்கத்தான் கூட்டம் காசு கொடுத்து உள்ளே வந்தது; அதனால் கிளப்புகள் போட்டி போட்டுக்கொண்டு பெரிய பெயர்களைத் தேடின.

இதன் உச்சம் டிரினிடாடின் லியரி கான்ஸ்டன்டைன். 1929இல் ஒரு பருவத்துக்கு 500 பவுண்டு என்ற ஒப்பந்தத்தில் நெல்சனுக்கு வந்தார். முதல் ஆண்டு அவருக்குக் கடினமாகத்தான் இருந்தது. கறுப்பினத்தவரையே கண்டிராத ஊரில் வீட்டுச் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவர்களைச் சமாளிக்க வேண்டியிருந்தது, திரும்பிப் போய்விடலாம் என்றுகூட எண்ணினார். ஆனாலும் 1937 வரை ஒன்பது பருவங்கள் அங்கே ஆடினார். அவற்றில் ஏழு முறை நெல்சன் பட்டம் வென்றது. பிற்காலத்தில் சட்டம் படித்து, 1969இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைக்குப் போன முதல் கறுப்பினத்தவரானபோது, தம் பட்டப் பெயரில் பிறந்த நாட்டின் மரவல் என்ற இடத்தோடு நெல்சனையும் சேர்த்துக்கொண்டார்.

அவருக்குப் பின் வந்தவர்களைச் சொல்லி மாளாது. அவரைப் போலவே மேற்கிந்தியத் தீவுகளின் ஜார்ஜ் ஹெட்லி ஹாஸ்லிங்டனிலும், எவர்டன் வீக்ஸ் பேக்கப்பிலும், கிளைட் வால்காட் என்ஃபீல்டிலும் ஆடினார்கள். அண்டை லீக்கான மத்திய லங்காஷயர் லீக்கில் ராட்கிளிஃப் கிளப்புக்கு முதலில் ஃபிராங்க் வொரல், பிறகு கேரி சோபர்ஸ் என்று இருவர் வாய்த்தார்கள். வொரல் அங்கே ஆடிக்கொண்டே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அன்றைக்கு டெஸ்ட் ஆட்டத்தில் கிடைத்த பணம் ஒரு குடும்பத்தை நடத்தப் போதாது. லீக் ஒப்பந்தம்தான் இவர்களுக்குப் பிழைப்பு.

நம் நாட்டவரும் குறைவில்லை. அமர் சிங் கோல்னிலும், லாலா அமர்நாத் நெல்சனிலும், சுபாஷ் குப்தே ரிஷ்டனிலும் ஆடியவர்கள். இவர்களில் வினு மன்கட் கதை தனி. 1952 பிப்ரவரியில் நம் சேப்பாக்கத்தில் 12 விக்கெட் எடுத்து இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றுத் தந்தவர் அவர். அதே ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் இடம் உறுதி என்று இந்திய கிரிக்கெட் வாரியம் வாக்குக் கொடுக்காததால் ஹாஸ்லிங்டனோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். லீட்ஸ் டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் இந்தியா ரன் எடுக்கும் முன்பே நான்கு விக்கெட்டுகளை இழந்த பிறகு, வாரியமே அந்தச் சிறு கிளப்பிடம் போய் அவரை விடுவித்துத் தருமாறு கேட்க வேண்டியதாயிற்று. லார்ட்ஸில் 72, 184 என்று இரண்டு இன்னிங்ஸிலும் ரன் குவித்ததோடு, இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் 73 ஓவர் வீசி ஐந்து விக்கெட்டும் எடுத்தார். ஆட்டத்தில் நாம் தோற்றோம் என்பது வேறு விஷயம்.

பதில் 2: ரோஸண்டேல் தமிழன்

மேலே எழுதிய நண்பர் பொற்காலத்தைச் சொன்னார். நான் இந்தப் பக்கத்தில் வசிப்பதால் இன்றைய நிலையைச் சொல்கிறேன். 1968இல் இங்கிலாந்தின் முதல்தரப் போட்டிகளில் ஆடும் கவுன்டி அணிகள் வெளிநாட்டவரை உடனடியாகச் சேர்த்துக்கொள்ள வழி பிறந்தபோதே பெரிய நட்சத்திரங்கள் லீக்கை விட்டு நகரத் தொடங்கிவிட்டார்கள். 1981இல் கபில் தேவ் நெல்சனிலும், 1987இல் விவ் ரிச்சர்ட்ஸ் ரிஷ்டனிலும் ஆடியது உண்மை. ஆனால் இன்று ஐபிஎல் நடக்கும் ஏப்ரல், மே மாதங்களிலேயே இங்கே பருவம் தொடங்குவதால் அந்தத் தரத்தில் யாரும் வருவதில்லை. இப்போது வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் நாட்டில் முதல்தரப் போட்டி ஆடியவர்கள், அல்லது அதன் வாசலில் நிற்கும் இளைஞர்கள். கிளப்பின் வருமானமும் நுழைவுச் சீட்டைவிட பார் விற்பனையையும் உள்ளூர்க் கடைக்காரர்களின் விளம்பரத்தையும்தான் நம்பியிருக்கிறது.

வேலை ஆட்டத்தோடு முடியாது. வார நாட்களில் மாலை வலைப்பயிற்சி இருக்கும். ஒரு மாலை சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் ஆடுகளத்தைச் சரிசெய்பவருக்குக் கைகொடுக்கும் புரோவைத்தான் ஊர் தலையில் வைத்துக் கொண்டாடும். ஆட்டத்தன்று அவர் மூன்றாவது அல்லது நான்காவதாக இறங்குவார், விதி அனுமதிக்கும் அளவுக்கு ஓவர்களையும் வீசுவார். நான் சில பருவங்களாகப் பார்த்ததில், நல்ல புரோ ரன் எடுக்காமல் அவுட்டானால் எல்லைக்கோட்டைச் சுற்றிக் காருக்குள் அமர்ந்து பார்க்கும் முதியவர்கள் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார்கள். அவரே அரைசதம் அடித்தால் மைதானத்தைச் சுற்றி வாளி வரும். சில்லறையும் தாளுமாக அதில் விழுவது முழுவதும் அவருக்கே.

உங்கள் மருமகன் சுழற்பந்து வீச்சாளர் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் கடைசியில் விரல் மரத்துப்போய்ப் பந்தின் தையலே கைக்குத் தெரியாது. பிட்ச் ஈரமாக, மெத்தென்று இருக்கும். பந்து நின்று வரும். சேப்பாக்கத்தில் முன்காலை வைத்து ஓட்டிய பழக்கத்தோடு ஆடினால் மிதவேகப் பந்துவீச்சாளர்களிடமே கேட்ச் கொடுத்துத் திரும்புவார். ஜூன் வரை பொறுமை வேண்டும். கம்பளி உள்ளாடை இரண்டு எடுத்துவரச் சொல்லுங்கள். வீக்ஸே பேக்கப் குளிரில் பழைய ராணுவக் கோட்டோடு திரிந்ததாக இங்கே இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

பதில் 3: லெக்ஸ்லிப்

ஆட்டம் வளருமா என்ற கேள்விக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும் என்று நினைக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறியால் நாட்டு அணிக்குள் நுழைய முடியாதிருந்த பேசில் டி’ஒலிவேரா, 1960இல் மத்திய லங்காஷயர் லீக்கின் மிடில்டன் கிளப்புக்கு வந்தார். ஒப்பந்தம் 450 பவுண்டு. விமானக் கட்டணமும் அதற்குள்தான். மேட் விரித்த விக்கெட்டிலேயே ஆடிப் பழகியவர் என்பதால் முதல் ஐந்து இன்னிங்ஸில் மொத்தமே 25 ரன்தான் எடுத்தார். வேறொருவராக இருந்தால் அத்தோடு மூட்டை கட்டியிருப்பார். அவர் ஈர ஆடுகளத்தில் பந்து வந்துசேரும்வரை காத்திருந்து ஆடக் கற்றுக்கொண்டு, பருவ முடிவில் லீக்கின் மட்டையாட்டச் சராசரிப் பட்டியலில் சோபர்ஸுக்கும் மேலே நின்றார். ஆறு ஆண்டுகளில் இங்கிலாந்துக்கே டெஸ்ட் ஆடினார்; 1968இல் ஓவலில் அவர் 158 அடித்த பிறகு, அவர் இடம்பெற்ற அணியை ஏற்கத் தென்னாப்பிரிக்க அரசு மறுத்ததால் இங்கிலாந்தின் தென்னாப்பிரிக்கப் பயணமே ரத்தானதை எல்லோரும் அறிவோம்.

மற்றவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன். 1991இல் ஆக்ரிங்டனுக்காக 73 விக்கெட் எடுத்தார், ஆனால் ரன் 329தான். மறுபருவத்துக்கு அவரை அழைக்க கிளப் விரும்பவில்லை. இதைச் சொல்லி ஆக்ரிங்டனைக் கேலி செய்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கும் கிளப், அவர் இரண்டு வேலையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆகவே, ஏழாவது இடத்தில் இறங்கி ஓரளவு ரன் சேர்ப்பவன் என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலை தருகிறது. இங்கே அவனுக்கு நான்கு பேர் பின்னால் இருக்கிறார்கள். அங்கே அவன் அவுட்டானால் அணியே பாதி அவுட். அந்தச் சுமையை அவன் விரும்பி ஏற்பான் என்றால், சென்னையில் ஐந்து ஆண்டில் கிடைக்காத மட்டையாட்ட அனுபவம் ஒரே பருவத்தில் கிடைத்துவிடும்.

உள்ளூர்ப் பையன்களின் இடம் பற்றி: இடம் ஒன்று குறைவது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1960களின் தொடக்கத்தில் ஆக்ரிங்டனுக்கு வெஸ் ஹால் வீசியபோது, வாரம் முழுவதும் அலுவலகத்தில் கணக்கு எழுதிய ஒருவர் சனிக்கிழமை உலகின் அதிவேகப் பந்தை எதிர்கொண்டார். பணம் கொடுத்தாலும் கிடைக்காத அனுபவம் அது. ஒருவருக்கு மேல் கூடாது என்ற வரம்பு இருக்கும்வரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

திருவல்லிக்கேணிவாசி

மூவருக்கும் நன்றி. மட்டையாட்டம் பற்றிய எச்சரிக்கையை அவனிடம் அப்படியே படித்துக் காட்டினேன். மூன்றாவதாக இறங்கக் கிடைத்தால் சும்மாவே ஆடுவேன் என்கிறான். விசா குறித்து யாராவது சொல்ல முடியுமா?

பதில் 4: ரோஸண்டேல் தமிழன்

சும்மா ஆடினாலும் சுற்றுலா விசாவில் வரக் கூடாது. பிரிட்டனின் குடியேற்ற விதிகளில் தொழில்முறை விளையாட்டு வீரர் என்பதற்கான வரையறை மிக விரிவானது; சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்பதோடு அது நிற்பதில்லை. அண்மை ஆண்டுகளில் மாநில அணிக்கு ஆடியிருந்தாலே அந்த வரையறைக்குள் வந்துவிடலாம். ஆட்ட வாய்ப்பு தேட முகவர் ஒருவரை அமர்த்தியிருப்பதும் ஓர் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. உங்கள் மருமகனுக்கு இரண்டுமே பொருந்துகின்றன. விமான நிலையத்தில் கிட்பேக்கோடு நிற்கும் இளைஞரிடம் அதிகாரி முதலில் கேட்பதே இதைப் பற்றித்தான். திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் பதிவு பின்னாளில் வேறு விசா கேட்கும்போதும் கூடவே வரும்.

முறையான வழி சர்வதேச விளையாட்டு வீரர் விசா. அதற்கு கிளப்பிடம் உள்துறை அலுவலகம் வழங்கிய ஸ்பான்சர் உரிமம் இருக்க வேண்டும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதம் ஆடிய போட்டிகளின் தரத்தைப் பார்த்தே வழங்கப்படும் என்பதால் 23 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்கள் மட்டும் போதுமா என்பது ஐயம்தான். இந்தத் தகுதிகள் அவ்வப்போது மாறவும் செய்கின்றன. இளைஞர்களுக்கான பணி விசாவில் வந்து ஆடலாம் என்றும் சிலர் ஆசை காட்டுவார்கள். அதிலும் தொழில்முறை விளையாட்டுக்கு அனுமதி இல்லை.

முகவரை ஒதுக்கிவிட்டு கிளப் செயலாளருக்கு நேராக மின்னஞ்சல் அனுப்புங்கள். கிளப்புகளின் இணையதளத்தில் அவருடைய முகவரி இருக்கும். ஸ்பான்சர் உரிமம் உண்டா, வாரியத்தின் ஒப்புதலுக்கு யார் விண்ணப்பிப்பார்கள், வாரச் சம்பளம் எவ்வளவு, காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, தங்குமிடம் தனி வீடா அல்லது யாராவது ஒருவர் வீட்டின் மாடி அறையா என்று எழுத்தில் கேளுங்கள். உண்மையிலேயே ஆள் தேடும் கிளப் என்றால் ஒரு வாரத்தில் பதில் வந்துவிடும், ஏனென்றால் பருவம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே அவர்கள் புரோவை முடிவு செய்துவிட விரும்புவார்கள். பதில் வந்தால் இங்கே எழுதுங்கள்; எங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்து ஊராக இருந்தால் மைதானத்தைப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.