சூழலுக்காக நீங்களாக ஏதாவது செய்ய ஆரம்பித்தது எதனால்? அனுபவம் சொல்லுங்க

காங்கயத்துக்காரி:
2017 வறட்சி எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா தோப்பில் காய்ந்த தென்னையைச் சாய்க்க ஜேசிபி வந்த அன்று நான் ஊரில் இருந்தேன். ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வந்திருந்தது. ஒவ்வொரு மரம் விழும்போதும் அது எந்த வருஷம் வைத்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா வாய்க்குள். பருவநிலை மாற்றத்தைக் கல்லூரியில் பாடமாகவே படித்தவள் நான், பரீட்சையோடு சரி. அந்த வருஷக் கணக்குதான் இன்னும் காதில் கேட்கிறது. இப்போது எங்கள் கூரைத் தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் கிணற்றுக்குப் போகிறது.

பல்லடம் தறிக்காரன்:
அம்மணி, வருத்தம் புரியுது. ஆனால் மழைநீர் சேகரிப்பு 2003லேயே சட்டம். பாதி வீட்டில் பேருக்குக் குழாய் நிற்கும், தண்ணி ரோட்டில் ஓடும். சட்டமும் துக்கமும் எத்தனை பேரை அசைக்கும்? எங்கள் வீதியில் சோலார் வந்த கதை வேறு. எதிர்வீட்டு அண்ணன் ரெண்டு மாசக் கரண்ட் பில்லை என் வீட்டம்மாவிடம் காட்டிவிட்டார். "ஏனுங்க, அவங்க மாடியில நிக்கறது நம்ம மாடியில நிக்காதுங்களா?" அவ்வளவுதான். அப்புறம் வீதியே போட்டது.

ஓய்வுபெற்ற ஈபி:
நானும் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் போட்டேன். போடப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், கேட்டுக்குங்க. மூணு கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். பேனல் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும். நம்ம பக்கம் 11 டிகிரி அட்சரேகை, தெற்கே பார்த்து அந்தளவு சாய்வு போதும். தண்ணித் தொட்டி நிழல் ஒரு பேனல் மேல் விழுந்தாலும் மற்றதன் உற்பத்தியும் குறையலாம். முக்கியமாக, பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீங்க. கம்பத்தில் லைன்மேன் இருக்கும்போது நம் மாடி மின்சாரம் கம்பிக்கு ஏறக் கூடாதல்லவா, அதற்கான ஏற்பாடு. புழுதியை வெயில் ஏறும் முன் கழுவுங்க. காய்ந்த கண்ணாடியில் பச்சைத் தண்ணி ஊற்றினால்...

காங்கயத்துக்காரி:
ஐயா, நான் சோலாரே கேட்கலீங்க :)

கோபி பொண்ணு:
காசுதான் என்கிற தறிக்கார அண்ணனுக்கு: எங்கள் ஊர் கறிக்கடையில் பைசா தள்ளுபடி கிடையாது. 2019 பிளாஸ்டிக் தடைக்கு அப்புறமும் கேரி பேக் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு ஞாயிறு கூட்டத்தில் கடைக்கார அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "போசி (பாத்திரம்) கொண்டு வந்தவங்க மட்டும் முன்னால வாங்க" என்றார். ஒரு அமுச்சி (பாட்டி) தூக்குப்போசியோடு எல்லோரையும் தாண்டிப் போனார். வரிசையில் நின்ற பெரிய மனுஷர்கள் முகத்தைப் பார்க்கணுமே! அடுத்த வாரம் எல்லார் கையிலும் போசி. அண்ணனுக்குத்தான் இப்போது யாரை முன்னால் விடுவது என்று தெரியவில்லை.