அப்பா நினைவு அறக்கட்டளை: நோக்கம் மத நல்லிணக்கம். 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை) கிடைக்குமா?

திருவல்லிக்கேணி_வாசி (கேள்வி)

அப்பா பெயரில் சென்னையில் அறக்கட்டளை பதிவு செய்யப் போகிறோம். வைப்புத்தொகை 10 லட்சம், வட்டியில்தான் செலவு. ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு, மயிலாப்பூர்–சாந்தோம் பகுதியில் மாதம் ஒரு வரலாற்று நடை, ரமலானில் ஒரு நாள் நோன்புத் திறப்பு, கார்த்திகையில் கோயிலில் அன்னதானம். பத்திர எழுத்தர் கொடுத்த மாதிரியில் "அனைத்து மத வழிபாட்டையும் வளர்த்தல்" என்று இருக்கிறது. சரியா? நடைக்குத் தலைக்கு 200 ரூபாய் வாங்கலாமா?

வரிக்கணக்கு

அந்த வரியை அடித்துவிடுங்கள். ஒரே மதத்துக்கோ சாதிக்கோ என்று எழுதினால் வருமான வரிச் சட்டத்தின் 13(1)(பி) பிரிவு இடிக்கும், அறக்கட்டளைக்கு வரிவிலக்கு கிடைக்காது என்பது பலருக்குத் தெரியும். "எல்லா மதத்துக்கும்" என்றால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பதுதான் தவறு. வழிபாட்டை வளர்ப்பது எத்தனை மதத்துக்கானாலும் மத நோக்கமே, அதற்கு 80ஜி வராது. "சாதி, மத வேறுபாடின்றிப் பொதுமக்களிடையே புரிதலை வளர்க்கும் சொற்பொழிவு, ஆய்வு, நடை, நூல் வெளியீடு" என்று எழுதுங்கள். அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது, கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குப் போகும் என்ற இரண்டு வரிகளும் வேண்டும். சார்பதிவாளர் கேட்க மாட்டார், வருமான வரி அலுவலகம் கேட்கும்.

80ஜி வாங்கிய பிறகும் மதச் செலவு ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வட்டி 7 சதவீதம் என்று வைத்தால் வருமானம் 70,000, வரம்பு 3,500 ரூபாய். கோயில் பூஜையோடு சேர்ந்த அன்னதானம் ஒன்றிலேயே அது போய்விடும். ஏழைகளுக்கு உணவு என்று தனியாக, வேறு இடத்தில் போட்டால் கணக்கே வேறு.

கட்டணமும் சிக்கல். வரிச் சட்டம் சொல்லும் அறப்பணி வகைகளில், நல்லிணக்கப் பணி "பொதுப் பயன்" வகையில்தான் வரும். சொற்பொழிவு நடத்துவதால் "கல்வி" ஆகாது, பள்ளி கல்லூரி போல முறையான போதனைதான் கல்வி என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொல்லிவிட்டது. பொதுப் பயன் வகையில் கட்டண வரவு மொத்த வரவில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நடைக்கு 20 பேர் வருவதாக வைத்தால்: 20 பேர் × 200 × 12 = 48,000. வட்டியோடு சேர்த்து மொத்தம் 1,18,000-இல் அது சுமார் 40 சதவீதம். அந்த ஆண்டு வரிவிலக்கு போச்சு. இலவசமாக நடத்துங்கள். ரொக்க நன்கொடை 2,000-க்கு மேல் என்றால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை இல்லை என்பதையும் ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள்.

வருமான வரித் துறையில் தற்காலிகப் பதிவு 3 ஆண்டுக்குக் கிடைக்கும். ஆனால் பணி தொடங்கிய 6 மாதத்துக்குள் முறையான பதிவுக்கு மனு போட வேண்டும். மூன்று ஆண்டு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். முதல் நடை நடந்த நாளிலிருந்தே கணக்கு. (நான் சொல்வது பழைய சட்டத்தின் பிரிவு எண்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டத்தில் எண்கள் வேறு, மனுப் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.)

மாடவீதி

வரி விஷயம் மேலே முடிந்தது, நடையைப் பற்றிச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை 7 மணிக்கு வையுங்கள். வெள்ளி மதியம் ஜும்மா, ஞாயிறு காலை சாந்தோமில் பூசை, மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். 20 பேருக்கு மேல் வேண்டாம், மாடவீதி நெரிசலில் பின்னால் வருபவருக்கு ஒன்றும் கேட்காது.

கபாலீசுவரர் கோயிலில் கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. பெயர் பதியும்போதே சொல்லுங்கள். கொடிமரத்தருகே நிறுத்திச் சொன்னால் நல்லிணக்க நடை அங்கேயே கசந்துவிடும். கடலோரம் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்த கதையை யாராவது கட்டாயம் கேட்பார்கள். வழிகாட்டி மழுப்பினால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். சாந்தோம் பக்கம் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகளைச் சொல்லட்டும், இப்போதைய பேராலயம் 1896-இல் திறக்கப்பட்டது என்பதையும் சொல்லட்டும்.

திருவல்லிக்கேணி_வாசி

நன்றி சார். அப்போது நோன்புத் திறப்பைக் கைவிடவா?

மாடவீதி

தனியாக மேடை போட்டு நடத்த வேண்டாம். மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையின் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாக திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் நோன்பாளிகளுக்கு உணவு பரிமாறுகிறார்கள். இப்படி ஏற்கெனவே நடக்கும் இடத்தில் கேட்டு, பரிமாற ஆட்களை அனுப்புங்கள். மாலைத் தொழுகை அழைப்புக்கு ஒரு மணி முன்பே போய்விட வேண்டும், அழைப்பு வந்தபின் வரிசையில் நுழைய முடியாது. அறக்கட்டளைப் பதாகையை மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.