முதியவர்களின் மறதிக்கு மக்னீசியம் மாத்திரை கொடுக்கலாமா?

மஞ்சக்குப்பம் மகன்:
அம்மாவுக்கு 71 வயது. சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். 2023இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று வந்ததே, பிரிட்டனில் 40 முதல் 73 வயது வரையுள்ள சுமார் 6,000 பேரை வைத்து. தினமும் 550 மில்லிகிராமுக்கு மேல் மக்னீசியம் சாப்பிட்டவர்களின் மூளை, 350 சாப்பிட்டவர்களின் மூளையைவிட 55 வயதில் ஒரு வயது இளமையாக இருந்ததாம். மாத்திரை வாங்கிவிடவா?

முத்தியால்பேட்டை அக்கா:
வேண்டாம் தம்பி. அந்த ஆய்வில் யாருக்கும் மாத்திரை கொடுத்துப் பார்க்கவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, ஸ்கேனில் மூளையின் அளவோடு ஒப்பிட்டார்கள். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பார்த்துக்கொள்பவராகத்தான் இருப்பார். சிறுநீரகம் பழுதான முதியவருக்கு அந்த மாத்திரை உடம்பிலேயே தேங்கிவிடும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் கொடுக்கவே கூடாது.

பண்ருட்டிக்காரர்:
மாத்திரை வேண்டாம், சரி. அதற்காக ஆய்வையே ஒதுக்கலாமா? பட்டை தீட்டிய அரிசியில் தவிட்டோடு மக்னீசியத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. நாம் மூன்று வேளையும் அதைத்தான் சாப்பிடுகிறோம். கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, எள்ளு எல்லாவற்றிலும் மக்னீசியம் இருக்கிறது. எங்கள் ஊர் முந்திரியில் 100 கிராமுக்கு 290 மில்லிகிராம் வரை உண்டு.

முத்தியால்பேட்டை அக்கா:
தினமும் 100 கிராம் முந்திரி யார் சாப்பிடுவார்? கைப்பிடி என்றால் 30 கிராம். எனக்குப் பெரிய கவலை உப்புதான். கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று சாப்பிடும் கடற்கரை ஊர்கள் நம்முடையவை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. ரத்த அழுத்தம் மூளையின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களைக் கெடுக்கும். அமெரிக்காவில் 9,000 பேருக்கு மேல் சிகிச்சை கொடுத்தே பார்த்தார்கள். ரத்த அழுத்தத்தின் மேல் அளவை 120க்குக் கீழ் இறக்கியவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைவு குறைந்தது என்று 2019இல் முடிவு வந்தது. முற்றிய மறதி நோய் குறைந்ததாக உறுதியாகவில்லை. ஆனாலும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டறிந்த கணக்கைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

மஞ்சக்குப்பம் மகன்:
பிரஷர் மாத்திரை போடுகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். காஸ் மாத்திரையும் பல வருடமாக ஓடுகிறது.

முத்தியால்பேட்டை அக்கா:
அப்படியென்றால் முதலில் ரத்தப் பரிசோதனைதான். மெட்ஃபார்மின் நாள்பட எடுத்தால் பி12 குறையலாம். காஸ் மாத்திரையாலும் குறையலாம். பி12 குறைவும் தைராய்டு கோளாறும் மறதியாக வெளிப்படும். கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவை. அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காட்டுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பண்ருட்டிக்காரர்:
அக்கா, ஒமெப்ரசோல் வகை காஸ் மாத்திரைகளை நீண்ட காலம் எடுத்தால் மக்னீசியமும் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இலேயே எச்சரித்தது. அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. உப்புதான் முக்கியம் என்று அக்கா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் தட்டில் வெறும் வெள்ளைச் சோறு இருக்கும்வரை உப்பைக் குறைத்தால் மட்டும் போதாது.